சொல்ல வெட்கப்படும் தொல்லை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலை. கோடை வந்துவிட்டால் சாலை ஓரத்தில் நுங்குக் குலைகள் குவிந்திருக்கும். காரில் போகிறவர்கள் இறங்கி, ஆசையோடு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

அந்த நுங்கை வெட்டுவதற்கு யாரோ ஒருவர் பனை மரம் ஏறியிருக்கிறார். அவர் கால் தவறினால் என்ன ஆகும்?

உயிர் போகலாம். உயிர் தப்பினாலும் முதுகெலும்பு முறியலாம். நம் நாட்டில் முதுகுத் தண்டு அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். சாலை விபத்தில் சிக்கியவர்கள் ஒரு வகை. மரம், மாடி போன்ற உயரத்திலிருந்து விழுந்தவர்கள் இன்னொரு வகை.

அப்படி விழுந்து, பிழைத்து, வீடு திரும்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். "ஐயோ, நடக்க முடியாமல் போய்விட்டதே!" என்று ஊரார் வருந்துகிறார்கள். ஆனால் அவரை வாட்டுவது அது மட்டும் அல்ல. மூன்று நாள் வெளிக்குப் போவதில்லை. நான்காம் நாள், விருந்தினர் வந்திருக்கும் நேரத்தில், தம்மை அறியாமலே போய்விடுகிறது. அதற்குப் பயந்து அவர் சாப்பாட்டைக் குறைக்கிறார். கல்யாணம், திருவிழா எதற்கும் வர மறுக்கிறார். மனைவி யாரும் பார்க்காத நேரத்தில் துணியைத் துவைத்துப் போடுகிறாள். இதை அவர்கள் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை.

வெட்கம்!

ஆனால், இது வெட்கப்பட வேண்டிய குற்றம் அல்ல. நரம்பிலும் தசையிலும் ஏற்பட்ட கோளாறு. இதைச் சமாளிக்க வழி இருக்கிறது.

சுருக்குப் பை

நாம் தினமும் வெளிக்குப் போகிறோம். அது எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பார்த்ததுண்டா?

குடலின் கடைசிப் பகுதிக்கு மலக்குடல் என்று பெயர். அதன் வாயில் இரண்டு வட்டத் தசைகள் இருக்கின்றன. பாட்டியின் சுருக்குப் பையை இழுத்துக் கட்டுவதுபோல, அவை வாயை இறுக்கி மூடி வைத்திருக்கின்றன. உள் தசை தானாக வேலை செய்யும். வெளித் தசை நம் சொல்லுக்குக் கட்டுப்படும். பஸ்ஸில் போகும்போது நாம் அடக்கிக்கொள்வது இந்த வெளித் தசையால்தான்.

இன்னொரு தசையும் உண்டு. அது கயிறு போல மலக்குடலைச் சுற்றி முன்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நாம் குந்தி உட்காரும்போது அந்தப் பிடி தளருகிறது. மடங்கிய குழாய் நேராகிறது.

செங்கல்பட்டு ஜங்ஷன்

இந்தத் தசைகளுக்கு உத்தரவு கொடுப்பவை நரம்புகள். மூளையைச் சென்னை என்று வைத்துக்கொள்வோம். முதுகுத் தண்டின் கீழ்க்கோடியில் உள்ள நரம்பு நிலையத்தைச் செங்கல்பட்டு ஜங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். மலக்குடல் நிறைந்தால் ஜங்ஷனுக்குச் செய்தி வரும். ஜங்ஷன் அதைச் சென்னைக்கு அனுப்பும். "இப்போது போகலாம்", "சற்றுப் பொறு" என்று சென்னை பதில் சொல்லும்.

சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே கம்பி அறுந்தால்? ஜங்ஷன் தானாக வேலை செய்யும். ஆனால் மேலிடத்து உத்தரவு வராது. தசை இறுகியே இருக்கும். மலம் தேங்கும். பிறகு எதிர்பாராத நேரத்தில் வெளியேறும்.

ஜங்ஷனே அடிபட்டால்? தசை தளர்ந்துவிடும். சுருக்குப் பையின் கயிறு அறுந்த கதைதான். மலம் சிறிது சிறிதாகக் கசியும்.

இந்த இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வேலூர் காட்டிய வழி

முதுகுத் தண்டு முறிந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும், சிறுநீர் வழியில் சீழ் பிடித்தும் விரைவில் இறந்துபோவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1944-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் டாக்டர் லுட்விக் குட்மன் இவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது.

நம் மாநிலத்தில் அந்த விளக்கை ஏற்றியவர் ஒரு பெண். அவர் பெயர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டராக இருந்தார். 1954-ம் ஆண்டு கார் விபத்தில் அவருடைய முதுகுத் தண்டு முறிந்தது. இரண்டு கால்களும் செயல் இழந்தன.

அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்காவுக்குச் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் பிறந்தது. நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் நிலையங்களில் இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. 1972-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ம் ஆண்டு அவர் மறைந்தார். நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய மறுவாழ்வு நிலையங்களில் நடை பழக்குவது மட்டும் பாடம் அல்ல. சிறுநீரும் மலமும் கழிக்கும் முறையும் ஒரு முக்கியப் பாடம்.

கடிகாரம்தான் மருந்து

அந்தப் பாடம் என்ன? "உணர்ச்சி வரும்போது போவோம்" என்று காத்திருக்கக் கூடாது. நேரம் குறித்துப் போக வேண்டும்.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். இது இயற்கை. ஆகவே, காலை உணவு முடிந்து சுமார் அரை மணி நேரத்தில், நாள்தோறும் ஒரே வேளையில் உட்கார்ந்து பழக வேண்டும். தசை இறுகியவர்களுக்கு ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ, உறை அணிந்த விரலால் மெல்லத் தூண்டும் முறையோ உதவும். தசை தளர்ந்தவர்களுக்கு, தேங்கியதை உறை அணிந்த விரலால் எடுத்துவிடும் முறை உண்டு. இவற்றை நர்ஸிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். பழக்கம் படிய வாரக்கணக்கில் ஆகலாம். பொறுமை வேண்டும். டாக்டரைக் கேட்காமல் பேதி மருந்து கொடுப்பது தவறு.

தாய்மார்களுக்கு

விழுந்தவர்களுக்கு மட்டுமா இந்தத் தொல்லை? இல்லை. பிரசவத்தின்போது வட்டத் தசை கிழிந்துபோவது உண்டு. நரம்பு நசுங்குவதும் உண்டு. அதன் பிறகு காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமல் தவிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் பலருக்குக் குணம் தெரியும். சிலருக்குத் தையல் போட்டுச் சரிசெய்யலாம்.

நீண்ட நாள் சர்க்கரை நோயும் நரம்பைக் கெடுக்கும். இன்னும் சிலருக்கு, முக்கும்போது தளர வேண்டிய தசை எதிர்மாறாக இறுகிக்கொள்ளும். இவர்கள் எவ்வளவு கீரை தின்றாலும் சிக்கல் தீராது. தசைக்குத்தான் பயிற்சி தேவை.

அபாய அறிகுறிகள்

உட்காரும் இடம் திடீரென்று மரத்துப்போவது, கால் பலவீனம், சிறுநீர் வராமல் நிற்பது: இவை தெரிந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மலத்தில் ரத்தம், காரணம் இல்லாமல் உடல் மெலிவது ஆகியவற்றுக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முதுகுத் தண்டு மேல்பகுதியில் அடிபட்டவருக்குத் திடீரென்று தலைவலியும் வியர்வையும் வந்தால், ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். தேங்கிய மலமோ சிறுநீரோ காரணமாக இருக்கலாம். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, டாக்டரை அழைக்க வேண்டும்.

மரத்திலிருந்து விழுந்தவரைத் தோளிலும் மோட்டார் சைக்கிளிலும் தூக்கிச் செல்லாதீர்கள். உடம்பை வளைக்காதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள்.

உதவி பக்கத்தில்தான்

செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டமும் இந்த மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் 2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி தொடங்கியது.

வழி இருக்கிறது. ஆனால், முதல் அடியை வீட்டார்தான் எடுத்துவைக்க வேண்டும். "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம். "தூங்கினாயா?" என்று கேட்கிறோம். "வெளிக்குச் சரியாகப் போகிறதா?" என்றும் அன்போடு கேட்போம்.

கேட்டால் அவர் சொல்வார். சொன்னால் டாக்டர் உதவுவார்.