ஒரே 400 வாட், மூன்று வெளிச்சம்

பாதரச ஆவி விளக்கு ஒன்று, மெட்டல் ஹாலைடு ஒன்று, உயர் அழுத்த சோடியம் ஒன்று. மூன்றும் 400 வாட். இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் புது பாதரச விளக்கு சுமார் 22,000 லூமென் வெளிச்சம் தரும்போது மெட்டல் ஹாலைடு 35,000 அளவில் தருகிறது. சோடியமோ 48,000ஐ எட்டிவிடுகிறது. அதாவது, பாதரசத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

இந்த வித்தியாசத்தில் நம் கண்ணுக்கும் பங்குண்டு. லூமென் என்பதே கண் உணரும் வெளிச்சத்தின் கணக்கு. பகல் பார்வைக்கு மிகக் கூர்மையாகப் படுவது 555 நானோமீட்டர் பச்சை. சோடியம் ஆவி தன் ஒளியைப் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில், 589 நானோமீட்டரைச் சுற்றியே கொட்டுகிறது. பாதரசமோ கணிசமான ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிராக வீணாக்குகிறது. குமிழின் உட்புறப் பூச்சு அதில் கொஞ்சத்தைத்தான் சிவப்பு ஒளியாக மீட்டுத் தருகிறது.

சோடியத்தின் குணம் வெகுகாலம் முன்பே தெரியும். சிக்கல், அதை அடைத்து வைப்பதில்தான் இருந்தது. கொதிக்கும் சோடியம் குவார்ட்ஸையே அரித்துவிடும். 1950களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் கோபிள் ஒளி ஊடுருவும் அலுமினா பீங்கானை உருவாக்கிய பிறகுதான் வழி பிறந்தது. சோடியம் விளக்கின் கண்ணாடிக்குள் விரலைவிட மெல்லிசாக, பால் நிறத்தில் தெரியும் குழாய் அதுதான். சுவிட்சைப் போட்டதும் அது மங்கலாக மினுங்கும்; பிறகு அடர்மஞ்சளாகும்; உள்ளே அழுத்தம் ஏற ஏற, சில நிமிடங்களில் பொன்னிறத்துக்கு வந்து நிற்கும்.

அந்தப் பொன்னிறத்தில்தான் தொல்லை. அதன் கீழே சிவப்புச் சேலையும் பழுப்புச் சேலையும் ஒன்றுபோலவே தெரியும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100 மதிப்பெண் என்றால், சாதாரண சோடியம் வாங்குவது 20, 25தான். மெட்டல் ஹாலைடு வகையைப் பொறுத்து 65 முதல் 90 வரை வாங்குகிறது. லூமெனில் பின்தங்கினாலும் தொலைக்காட்சி கேமராக்கள் சுழலும் மைதானங்களை அது பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. 2013 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் நடுவே மின்சாரம் பாதியளவு போனது. ஆட்டம் 34 நிமிடம் நின்றது. சூடான மெட்டல் ஹாலைடு குழாய்க்குள் அழுத்தம் மிக அதிகம். அது ஆறி இறங்கும்வரை மின்பொறி பிடிக்காது. மின்சாரம் வந்தாலும் விளக்கு உடனே எரியாது என்பதை அன்று கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென், சுமார் 100 மணி நேரம் எரிந்த விளக்கை அளந்தது. வாங்குபவர் கேட்க வேண்டியது வயதான விளக்கின் கணக்கை. சோடியம் கடைசிவரை ஐந்தில் நான்கு பங்கு வெளிச்சத்தையாவது காப்பாற்றும். பாதரசம் லேசில் சாகாது. பாதி வெளிச்சத்துக்கு இறங்கிய பின்பும் அதே மின்சாரத்தைத் தின்றுகொண்டு எரியும். வாட்டுக்கு இத்தனை லூமெனாவது வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்த வரம்பை எட்ட முடியாமல், 2015இல் அது அங்கே சந்தையைவிட்டு வெளியேறியது.