வாத்தியாரிடம் என்ன கேட்பது?

"கண்ணை மட்டும் விட்டுடுங்க சார், மத்தபடி உரிச்செடுத்துடுங்க" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வரும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை உருப்பட வேண்டும் என்ற தவிப்பில் சொல்வதுதான். ஆனால் அந்த அனுமதி செல்லாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது.

அடிக்கச் சொல்வதற்குப் பதிலாகப் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று அதே சட்டத்தில் இருக்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்கிறது 24-ஆவது பிரிவு. ஆகவே பள்ளிக்குப் போய் விசாரிப்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது.

என்ன கேட்பது? "எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்தினால் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவதோடு எல்லாம் முடிந்துவிடும். புதுப் பாடத்தைத் தானே வாசிக்கிறாளா, கழித்தலில் கடன் வாங்கத் தெரிகிறதா, வகுப்பில் வாய் திறந்து சந்தேகம் கேட்கிறாளா என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடமும் ஆசிரியருக்குத் தேவையான சேதி இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்வதால் மகளுக்குப் படிக்க நேரமில்லை, கணக்குப் பாடம் உள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி வருகிறது, டிவியை ஒட்டி நின்றுதான் பார்க்கிறாள்: இவை வகுப்பறைக்குள் தெரியாதவை.

ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளையை 'மக்கு' என்று ஒதுக்கிவிடுவதுதான் பெரிய ஆபத்து. கண் பார்வைக் குறையாக இருக்கலாம். கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றிருக்கிறது. சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. கவனித்துச் சொல்ல ஆசிரியர் வேண்டும். கூச்சப்படாமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போகப் பெற்றோர் வேண்டும். ஒருவர் பின்வாங்கினாலும் பிள்ளைக்கு வருடங்கள் வீணாகின்றன.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. அதில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் இக்குழுக்களை 2022-இலும் 2024-இலும் புதிதாக அமைத்தார்கள். உறுப்பினரானவர்கள் தீர்மானத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

குறை இருந்தால் முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் குழுவிடமும், தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் போகலாம். பிள்ளை அடிபட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கெடுவுக்கு அதுதான் சாட்சி.