ஜாமீனில் போகும் காசநோய்

சிறையில் காசநோய் என்றாலே நெரிசலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. மாலையில் கொட்டடியைப் பூட்டினால் விடியும்வரை அதே காற்றுதான். ஒருவர் இருமித் தெறிக்கும் நுண்துளிகள் மணிக்கணக்கில் மிதக்கும். அதே ஆவணம் சொல்லும் இன்னொரு கணக்கை நாம் கவனிப்பதில்லை: கைதிகளில் நால்வருக்கு மூவர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தால் எந்த நாளும் வெளியே போய்விடலாம். நோய்த்தடுப்பில் பெரிய ஓட்டை அந்த வெளிவாசலில்தான் இருக்கிறது என்பேன்.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகும். சில வாரங்களில் காய்ச்சல் விடும், இருமல் தணியும், பசியெடுக்கும். மந்தமாகக் கிடக்கும் மிச்சக் கிருமிகளை ஒழிக்கத்தான் மற்ற மாதங்கள். இரண்டாம் மாதம் வெளியே வருகிறவருக்கு உடம்பு தேறியிருக்கும். வக்கீல் கடன் இருக்கும், வேலை இருக்காது. மாத்திரை நிற்கும். பிறகு திரும்பும் நோய் மருந்துக்கு அடங்காததாகவும் இருக்கலாம். 1990களில் ரஷ்யா இதைப் பெரிய அளவில் கண்டது. சுமார் 10 லட்சம் கைதிகளில் பத்தில் ஒருவருக்குக் காசநோய். மருந்துத் தட்டுப்பாடு, அரைகுறைச் சிகிச்சை. விடுதலையானவர்களோடு மருந்து எதிர்ப்புக் கிருமியும் ஊருக்குள் வந்தது. சைபீரியாவின் தோம்ஸ்க் பகுதியில் சிறைக்கும் ஊருக்கும் ஒரே சிகிச்சைத் திட்டம் வைத்த பிறகே பிடி கிடைத்தது. நம்மிடம் நிக்‌ஷய் என்ற அரசுக் காசநோய்ப் பதிவேட்டின் எண் இருக்கிறது, நோயாளி எங்கே போனாலும் கூடவே போகும். ஆனால் எண் மாத்திரை கொடுக்காது. விடுதலையாகும்போது கையில் ஒரு மாத மருந்தும், போகிற ஊர் மருத்துவமனைக்கு ஒரு தகவலும் போக வேண்டும்.

உள்ளே வரும்போதே எக்ஸ்ரே எடுத்தால் போதாதா? போதாது. அன்றைக்கு இருக்கும் நோயைத்தான் அது காட்டும்; உறங்கும் கிருமி பின்னால் விழிக்கலாம், பக்கத்துப் பாயிலிருந்தும் தொற்றலாம். வெளியில் இருப்பவனுக்கே மருத்துவமனையில் படுக்கையில்லை, குற்றவாளிக்கு எதற்கு என்பார்கள். அந்த நால்வரில் மூவர் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. நெல்சன் மண்டேலாவுக்கும் 1988இல் சிறையில்தான் காசநோய் கண்டது. அவர் பெயரால் 2015இல் ஐ.நா. ஏற்ற விதிகள், காசநோய்ச் சிகிச்சை அறுபடக் கூடாது என்கின்றன. தகவல் அனுப்பினால் நோயும் சிறைவாசமும் ஊருக்கே தெரிந்துவிடாதா என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. தெரியும், காக்கிச்சட்டை போய் விசாரித்தால். அதோடு அவர் மருந்தையும் விட்டுவிடுவார். அந்தத் தகவல் காவல் நிலையத்தைத் தொடாமல், அவர் சம்மதத்தோடு, அந்தப் பகுதிக் காசநோய்க் களப்பணியாளருக்கு நேராகப் போகவேண்டும்.