ரிப்போர்ட்டில் அரியர் இருக்கா?

சிதம்பரத்திலோ கடலூரிலோ காலையில் பாண்டி பஸ் ஏறிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். ஸ்கேன் கவரை மடியில் வெச்சுக்கிட்டு ஜிப்மர் போறவங்க நிச்சயம் இருப்பாங்க. கூடவே காலேஜ் போற மகனோ, மகளோ. காரணம் சிம்பிள்... வீட்டில் இங்கிலீஷ் ரிப்போர்ட் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கதான்!

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்றால், அந்த ரிப்போர்ட்டில் என்ன தேடணும்?

பல பேருக்கு முதலில் கீமோதெரபி, அப்புறம்தான் ஆபரேஷன். அறுத்தெடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுச் செல்லே இல்லையென்றால், நம்ம பாஷையில் 'ஆல் க்ளியர்'. 'ரெஸிடுவல்' என்று இருந்தால் அரியர், அதாவது மிச்சம் இருக்கு! 'அதான் எடுத்தாச்சே' என்று விட்டுவிடக் கூடாது. கீமோவுக்குத் தப்பிய செல்கள் உடம்பில் வேறு எங்காவது ஒளிந்திருக்கலாம். நோய் திரும்பும் ஆபத்து இவர்களுக்கு அதிகம்.

இவர்களுக்கு இன்னொரு மருந்து கொடுத்தால்? ஜப்பான், தென் கொரியா டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வின் பெயர் 'கிரியேட்-எக்ஸ்'. 'ஹெர்-2' புரதம் அதிகமில்லாத வகை நோய் மிச்சமிருந்த 910 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு அதோடு கேப்சிடபின் மாத்திரை... இரண்டு வாரம் மருந்து, ஒரு வாரம் லீவு!

2017-ல் ரிசல்ட் வெளியானது. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை சாப்பிட்ட பிரிவில் 89.2 சதவிகிதம், மற்ற பிரிவில் 83.6. 'ட்ரிபிள் நெகட்டிவ்' வகையில் வித்தியாசம் இன்னும் பெரிசு... 78.8, 70.3. நூற்றுக்கு எட்டு அம்மாக்கள் கூடுதலாக!

சும்மா கிடைத்ததில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களில் கிட்டத்தட்ட நாலில் மூணு பேருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்தது.

ஹெர்-2 பாசிட்டிவ் வகைக்கு மருந்தே வேறு. 2018-ல் முடிவு வந்த 'கேத்தரின்' ஆய்வில் 1,486 பேர். டி-டிஎம்1 என்ற ஊசி, பழைய ஊசியைவிட நோய் திரும்பும் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது.

ஸோ, மாத்திரையை நாமளே மெடிக்கல் ஷாப்பில் வாங்குற வேலை வேண்டாம். டாக்டரிடம் மூணே கேள்வி. மிச்சம் இருக்கா? எந்த வகை? மேற்கொண்டு மருந்து வேணுமா?

வைவாவில் வாய் திறக்காட்டி பரவாயில்லை பாஸ், இங்கே கேட்டுடுங்க!