நிலைபொருளும் கட்டற்ற மென்பொருளும்: டெபியன் தீர்மானம் பற்றிய ஒரு நோக்கு

கணினியின் கம்பியில்லா வலையமைப்புச் சாதனம், ஒலிச் சாதனம் முதலியவற்றினுள் தனித்தனிச் சிறு செயலிகள் உண்டு. அவற்றை இயக்கும் நிரலே நிலைபொருள் எனப்படுவது. உற்பத்தியாளர் பலர் இதனை இயந்திர மொழியில் மாத்திரமே வழங்குவர். மனிதர் வாசித்துத் திருத்தத்தக்க மூலநிரலைத் தம் உடைமையாகவே வைத்துக்கொள்வர். இத்தகைய நிரலைக் கட்டற்ற மென்பொருள் வழங்கல்கள் சேர்த்தளிக்கலாமா என்பதே வினா.

1993இல் தொடங்கப்பெற்ற டெபியன், 1997இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில் தன் முறைமை முற்றிலும் கட்டற்றதாயிருக்கும் என உறுதியளித்தது. இதன் வழி, அதன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலிருந்து மூலநிரலற்ற நிலைபொருள் விலக்கப்பட்டது. விளைவு யாது? மடிக்கணினியில் அதனை நிறுவ முற்பட்ட பலருக்கு வலையமைப்பு இயங்கவில்லை. இயங்கச் செய்யும் கோப்பைப் பெறுதற்கோ வலையமைப்பு வேண்டும். புதிய கணினிகள் பலவற்றில் ஒலிச் சாதனத்துக்கும் நிலைபொருள் வேண்டியிருந்தமையால், குரல்வழி கேட்டு நிறுவவேண்டிய பார்வையற்றோர் வாசலிலேயே தடுக்கப்பட்டனர். நிலைபொருள் சேர்ந்த வேறொரு வட்டும் டெபியனிடம் இருந்தது, 'அதிகாரபூர்வமற்றது' என்ற பெயரோடு. விடயம் அறிந்தோர் அதனை எடுத்துக்கொண்டனர். கொள்கையின் விலையைச் செலுத்தியோர் அறியாதோரே.

2022 ஒக்டோபரில் உறுப்பினர் வாக்கெடுப்பினால் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2023 யூனில் வெளிவந்த டெபியன் 12, நிலைபொருளைத் தனிப் பிரிவாக்கி, கட்டற்றதன்று எனப் பெயரிலேயே சுட்டி, நிறுவல் வட்டில் சேர்த்தது.

இதனைச் சரணாகதி என்போர் உளர். வழங்கல்கள் ஏற்றுக்கொண்டபின் மூலநிரலை வெளியிடுமாறு உற்பத்தியாளரை நிர்ப்பந்திப்பது எதுவுமில்லை என்ற அவர்தம் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், றிச்சாட் ஸ்ரோல்மன் 1985இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாட்டிலேயே ஒரு முரண்பாடு உண்டு. சாதனத்தினுள் மாற்றவியலாதவாறு பதிக்கப்பட்ட நிரலை அது மின்சுற்றுக்கு ஒப்பானதாகக் கொண்டு பொறுத்துக்கொள்கிறது. அத்தகைய நிரலே வட்டிலிருந்து ஏற்றப்படுமாயின் மறுக்கிறது. இரண்டிலும் உடைமையாளர் ஒருவரே. பயனரின் கட்டுண்ட நிலையும் ஒன்றே. கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் மட்டுமே வேறுபாடு.

பிரச்சினையின் வேர் உற்பத்தியிடத்தில் உள்ளது. 2013இல் குவல்கொம் ஏதெரோஸ் நிறுவனம் தன் யூஎஸ்பி கம்பியில்லாச் சில்லுகள் இரண்டின் நிலைபொருளுக்கு மூலநிரலை வெளியிட்டது. அதன்பின் அச்சில்லுகள் பற்றி விவாதிக்க எவருக்கும் எதுவும் இருக்கவில்லை. அத்தகைய வெளியீடு அரிதாகவே நிகழ்ந்துள்ளமைக்கு, நிறுவல் வட்டில் எது இருந்தது என்பதைக் காரணங்காட்டல் தகாது.

எனவே தீர்மானம் சரியானதே என்பது எம் கருத்து. அதன் நடைமுறை மீது மட்டும் ஒரு குறை உண்டு. தேவையெனக் கண்டவிடத்து நிலைபொருள் தானாகவே நிறுவப்படுகிறது; பயனருக்கு அறிவிக்கப்படுகிறதேயன்றி, அவர் சம்மதம் கேட்கப்படுவதில்லை. தொடக்கத்தில் ஒரு தெரிவினை இட்டு மறுக்கலாம். அவ்வாறு மறுக்கலாம் என்பதை முன்னரே அறிந்திருப்பவர் மறுக்கலாம்.