குளிர்காலைப் புகை கூறும் சேதி

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், ஜனவரிக் குளிரில் வாகனத்தை இயக்கியதும் புகைக்குழாயிலிருந்து வெண்படலம் எழுவதை நாம் அறிவோம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி குளிரில் ஒடுங்குவதே அது. இயந்திரம் சூடேறியதும் மறைந்துவிடும், அஞ்சவேண்டியதில்லை.

மறையாத வெண்புகையே கவலைக்குரியது. டீசல் வாகனத்தில் அது எரியாத டீசலாகவும் இருக்கலாம். ஆனால், ரேடியேட்டர் நீரும் குறைந்து வருமாயின், ஹெட் கேஸ்கட் பழுதுற்று எரியறைக்குள் நீர் கசிகிறதென ஐயுற வேண்டும். நீலப்புகை, வால்வு சீலோ பிஸ்டன் வளையமோ தேய்ந்து எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருளுக்கேற்ற காற்று கிடைக்காமையின் அடையாளம். மலையகத்தில் காற்று இயல்பாகவே ஐதானது. தூசடைந்த காற்று வடிகட்டி அதனையும் தடுத்துவிடுகிறது.

2008 ஆம் ஆண்டில் ஆரம்பமான வாகனப் புகைப் பரிசோதனை வருடத்துக்கு ஒருமுறையே நிகழ்வது. தோட்டத்து நோயாளரையும் மாணவரையும் ஏற்றிவரும் வாகனமோ ஹட்டன் ஏற்றங்களில் நாள்தோறும் ஓடுகிறது. நடுவழியில் அது கொதித்து நின்றால் வைத்தியசாலை வெகுதொலைவாகிவிடும். ஆகவே, புறப்படுமுன் சில நிமிடங்கள் புகையை அவதானிப்போம். அதனையும் மூடிய கொட்டகைக்குள்ளன்றித் திறந்த வெளியிலேயே செய்வோம். உயிர்பறிக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.