இரண்டே இரண்டு அதிகம்

600 ஆண்டுகளுக்கு முன் ஒரு கேரளத்துக்காரர் சொன்ன 13 இலக்க எண், திருவனந்தபுரத்தில் அச்சேறியது.

28,27,43,33,88,233. படிக்கவே மூச்சு வாங்கும் இந்த எண், 1930ல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் கே. சாம்பசிவ சாஸ்திரி பதிப்பித்த ஆர்யபடீய உரையில் இருக்கிறது. திருநெல்வேலி தருவையிலிருந்து அங்கே போன கணபதி சாஸ்திரி 1905ல் தொடங்கிய வரிசை அது.

எழுதியவர் இதை இலக்கங்களில் எழுதவில்லை. செய்யுளில் சொற்களாக ஒளித்து வைத்தார். தேவர் என்றால் 33, கண் 2, யானையும் பாம்பும் 8, நெருப்பு 3. முதலில் வரும் சொல் எண்ணின் வால்; கடைசிச் சொல் தலை. ஏடு பெயர்த்தெழுதுபவர் கை தவறினால் சந்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

சொன்னவர், 14ம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராம மாதவன். இரிஞ்ஞாலக்குடா பக்கத்துக்காரர் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. வட்டக் கணிதம் பற்றி அவர் எழுதிய நூல் எதுவும் கிடைக்கவில்லை. 1444ல் பிறந்த நீலகண்ட சோமயாஜி தன் உரையில் பெயர் சொல்லி எடுத்துக் காட்டியதால் எண் பிழைத்தது.

விஷயம் இதுதான்: 90,000 கோடி அலகு விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு இது. தசமப் புள்ளி புழக்கத்தில் இல்லாத காலம். துல்லியம் வேண்டுமென்றால் விட்டத்தைப் பிரம்மாண்டமாக எடுத்துக்கொண்டு விடையை முழு எண்ணாகச் சொல்ல வேண்டும். இந்த எண்ணை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது 3.141592653592... ‘பை’யின் முதல் பத்து தசம இடங்கள் அப்படியே. இந்தப் பின்னத்தை மேலும் சுருக்கவும் முடியாது: விட்டத்தின் பகாக் காரணிகள் 2, 3, 5 மட்டுமே. மாதவனின் எண் ஒற்றைப்படை, 5ல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 56 வருவதால் 3ஆலும் வகுபடாது.

உண்மையான அளவுக்கு மிக அருகிலுள்ள முழு எண் 231ல் முடிகிறது. மாதவன் சொன்னது 233. இரண்டே இரண்டு அதிகம். அலகை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விட்டம் 9 லட்சம் கிலோமீட்டர். சந்திரன் சுற்றும் பாதையைவிடப் பெரிய வட்டம். அதில் பிழை 2 மில்லிமீட்டர் சொச்சம்.

இதன் பின்னால் இருப்பது ஒரு தொடர். விட்டத்தின் நான்கு மடங்கை எடுத்து, அதை 3ஆல் வகுத்துக் கழித்து, 5ஆல் வகுத்துக் கூட்டி, முடிவில்லாமல் போவது. ஐரோப்பாவில் 1670களில் லைப்னிட்ஸ் கண்டதும் இதையே. ஆனால் இது ஆமை வேகத் தொடர். மாதவனின் துல்லியத்தை எட்ட 40,000 கோடிக்கு மேல் உறுப்புகளைக் கூட்ட வேண்டும். கேரளத்தாரின் சாமர்த்தியம், நடுவில் நிறுத்திவிட்டு மிச்சத்தை ஒரு திருத்தத்தால் ஈடுகட்டியதில் இருக்கிறது. அவர்கள் தந்த திருத்தங்களில் நுட்பமானதைச் சேர்த்தால் 50 உறுப்புகளே போதும்.

இலக்கங்களின் எண்ணிக்கைதான் பெருமை என்றால், 1424ல் சமர்கண்டில் அல்-காஷி 16 தசம இடங்கள் வரை போய்விட்டார். ஆனால் நீலகண்டர் தேர்ந்தெடுத்த வார்த்தையைக் கவனியுங்கள். மாதவனின் எண்ணைச் சரியான சுற்றளவு என்று அவர் சொல்லவில்லை. மிக நெருங்கிய சுற்றளவு என்றார். முழுமையான விடை சிக்காது என்று தெரிந்தே நெருங்கியவர்கள். நின்ற இடம், இரண்டு அலகு தூரம்.